சீலியாக் என்று தெரிந்து கோதுமையை நிறுத்தியாச்சு, எடை ஏன் இன்னும் இறங்குகிறது?

துவாரகா நெல்லைக்காரி எழுதியது:

வணக்கம். வயது 36. சொந்த ஊர் திருநெல்வேலி, கல்யாணமாகி வந்ததிலிருந்து தில்லிதான். ரொம்ப நாளாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு விழுங்கினாலும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவே இல்லை. கடைசியில் ஒரு மருத்துவர் ரத்தத்தில் சீலியாக்குக்கான ஆன்டிபாடியை அளக்கும் டிடிஜி ஐஜிஏ பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அளவு 200-க்கு மேல். எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்துப் பார்த்ததில் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன என்று முடிவு வந்தது. சீலியாக் நோய், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்.

கோதுமை, ரவை, மைதா, சேமியா, பார்லி எல்லாம் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. வயிற்றுப்போக்கு நின்றது, வாய்ப்புண் வருவதில்லை, களைப்பும் குறைந்திருக்கிறது. ஆனால் எடை 58-இலிருந்து 51-க்கு வந்துவிட்டது. குடல் ஆறினால் உடம்பு தேறும் என்றுதான் எல்லா இடத்திலும் படித்தேன். எனக்கு நேர்மாறாக நடக்கிறது.

ஆபீஸில் பார்ப்பவர்கள் எல்லாரும் "சூப்பரா இளைச்சிட்டே, என்ன டயட்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இதே நோயில் யாருக்காவது இப்படி எடை குறைந்திருக்கிறதா? எப்போது நின்றது?

கோவை மழை எழுதியது:

தோழி, தப்பாக நினைக்க வேண்டாம், எனக்கு இது நல்ல செய்தியாகத் தெரிகிறது. நான் 84 கிலோ. குளூட்டனை விட்டால் எடை குறையும் என்று ஜிம்மில் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து நானும் நிறுத்தலாம் என்றிருக்கிறேன். உங்கள் சாப்பாட்டுப் பட்டியலைப் போட முடியுமா?

மதுரை டயட்டீஷியன் எழுதியது:

கோவை மழை, நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். அதில் கொழுப்பை ஏற்றும் மாயம் எதுவும் இல்லை. அதை விட்டவர்கள் இளைப்பது ஏனென்றால் பரோட்டா, கேக், பிஸ்கட், பப்ஸ், பீட்சா எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடுகின்றன. அவற்றை மட்டும் விட்டாலே உங்களுக்குப் போதும், சப்பாத்தியைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம். உங்களுக்கு வயிற்று உபாதை, ரத்தசோகை, அல்லது குடும்பத்தில் யாருக்காவது சீலியாக் இருந்தால், கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதித்துவிடுங்கள். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்கிவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது.

நெல்லைச் சகோதரிக்கு இனி எழுதுகிறேன். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு 12 சதவீதம் போயிருக்கிறது. யாராவது "நல்லதுதானே" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சீலியாக்கில் எடை இறங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, குடல் ஆறிக்கொண்டே வருகிறது, ஆனால் தட்டுக்கு வரும் சாப்பாடு குறைந்துவிட்டது. இரண்டு, தட்டு நிறையச் சாப்பிட்டும் குடல் உறிஞ்சவில்லை. எடை மெஷினில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். பிரித்துச் சொல்வது ரத்தப் பரிசோதனையும் நீங்கள் தரும் பதில்களும்தான். ஆகவே சில கேள்விகள்: கடைசியாக டிடிஜி எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு? உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறியிருக்கிறதா? மலம் எப்படி, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறதா? இரவில் வியர்வை, காய்ச்சல் உண்டா? அப்புறம், முன்பு ஒரு நாளில் என்ன சாப்பிட்டீர்கள், இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்? கூச்சமில்லாமல் எழுதுங்கள்.

ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் இருக்கிறது கனடாவில், எனக்குச் சீலியாக் வந்து பத்து வருசத்துக்கு மேல். முதல் வருசம் நானும் மெலிந்துதான் போனேன். எனக்குக் காரணம் பயம். வெளியில் ஒன்றும் வாயில் வைக்க மாட்டேன். கலியாண வீடு, செத்த வீடு, பிறந்தநாள் எல்லாத்துக்கும் போவேன், தண்ணியைக் குடிச்சிட்டு வந்துடுவேன். எங்கட சாப்பாட்டில் கோதுமை மா எவ்வளவு கிடக்குது என்று அப்பதான் விளங்கினது. புட்டுக்கு அவிச்ச கோதுமை மா, இடியப்பத்துக்கும் அதே மா, ரொட்டி, கொத்து, ரோல்ஸ், பற்றிஸ். இவ்வளவையும் கழிச்சுப்போட்டு அந்த இடத்துக்கு ஒன்றையும் வைக்காவிட்டால் உடம்பு என்ன செய்யும்?

சிவப்பரிசி மாவில் புட்டு அவிக்கத் தொடங்கினேன், தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டேன். அப்பதான் கன்னத்தில் சதை வந்தது.

துவாரகா நெல்லைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டயட்டீஷியன் மேடம் கேட்டவை:

டிடிஜி போன மாதம் 94. ஃபெரிட்டின் 6-ஆக இருந்தது, இப்போது 14. மலம் இப்போது சரியாக இருக்கிறது. காய்ச்சல், வியர்வை எதுவும் இல்லை.

முன்பு: காலையில் பாலோடு ஓட்ஸ் அல்லது பிரெட், பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மதியம் டப்பாவில் மூன்று சப்பாத்தி சப்ஜி, சாயங்காலம் சமோசாவோ ரஸ்கோ, இரவு மறுபடி சப்பாத்தி அல்லது சாதம்.

இப்போது: காலையில் இரண்டு இட்லி. மதியம் தயிர் சாதம், ஒரு சின்ன டப்பா. சாயங்காலம் ஒன்றும் இல்லை, கேன்டீனில் எனக்குச் சாப்பிட எதுவும் கிடையாது. இரவு அரிசி மாவு ரொட்டி இரண்டு, அல்லது சாதம் ரசம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று காபியையும் விட்டுவிட்டேன்.

மதுரை டயட்டீஷியன் எழுதியது:

பாதிக் கதை இதிலேயே தெரிந்துவிட்டது. பதினொரு மணி, சாயங்காலம் என்று இரண்டு வேளை முழுசாகக் காணாமல் போயிருக்கிறது. மதியம் மூன்று சப்பாத்தியே 300 கலோரிக்கு மேல் வரும், அந்த இடத்தில் ஒரு சின்ன டப்பா தயிர் சாதம் வந்திருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது பொதுக் கணக்கு. அதன்படி தினம் 225 கலோரி குறைந்தாலே எட்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கிவிடும். உங்களுக்கு அதற்கு மேலேயே குறைந்திருக்கும் போலிருக்கிறது. குடல் கொஞ்சம் தேறியிருப்பதால்தான் இந்த மட்டில் நிற்கிறது.

சேர்க்க வேண்டியது நீங்கள் பிறந்த ஊர்ச் சாப்பாடுதான், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடி போட்டால் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், அதுவே 120 கலோரி. ஆபீஸ் மேசை இழுப்பறையில் வறுத்த வேர்க்கடலை ஒரு டப்பா, ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் 170 கலோரி. எள்ளுருண்டை, வீட்டில் பிடித்த பொட்டுக்கடலை உருண்டை, நேந்திரம்பழம். மதியம் டப்பாவைப் பெரிதாக்கி, தயிர் சாதத்தோடு சுண்டலோ இரண்டு முட்டையோ வையுங்கள். இரவு அடை வார்த்தால் பருப்பும் போகும், எண்ணெயும் போகும். கேழ்வரகுக் களி, கம்பு தோசை எதையும் விடாதீர்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சீலியாக்கில் எலும்பு மெலிவது வழக்கம், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தார்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாததற்கும் காரணம் இந்த நோய்தான். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்தால் நொதியும் போய்விடும். குடல் ஆற ஆற பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பி வரும். அதுவரை தயிர், மோர், பனீர். கொஞ்ச நாள் கழித்து அரை டம்ளர் பாலில் காபி போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் டிடிஜி 94 என்கிறீர்களே, அதை நான் சும்மா விட மாட்டேன். 200-க்கு மேலிருந்து இறங்கியிருப்பது நல்ல அறிகுறி. சிலருக்குச் சாதாரண அளவுக்கு வர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். இருந்தாலும் எங்கிருந்தாவது கொஞ்சம் கோதுமை உள்ளே போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். குளூட்டனை நிறுத்தியும் சரியாகாதவர்களிடம் அதிகமாகக் காணப்படும் காரணம் அதுதான். அந்த அரிசி மாவு எங்கே வாங்குகிறீர்கள்?

துவாரகா நெல்லைக்காரி எழுதியது:

மாவு வாங்குவதில்லை, அரைப்பது. மாமியார் அரிசியைக் கழுவிக் காயவைத்துத் தெருமுனையில் ஆட்டா சக்கி என்கிற மாவு மில்லில் கொடுத்து அரைத்து வருவார். எனக்காகவே அவ்வளவு சிரமப்படுகிறார்.

பழைய காரியாபட்டி எழுதியது:

அம்மா, நான் மாவு மில் நடத்தியவன், முப்பது வருஷம். தில்லியில் ஆட்டா சக்கி என்றால் நாள் முழுக்க ஓடுவது கோதுமை. இரண்டு கல்லுக்கும் நடுவில், கல்லில் கொத்திய வரிப் பள்ளத்தில், மாவு இறங்கும் துணிக்குழாயின் மடிப்பில் எல்லாம் முன்னால் அரைத்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரிலேயே மிளகாய் அரைத்த மில்லில் உடனே மாவு அரைக்க மாட்டார்கள், காரம் ஏறிவிடும் என்று. மிளகாய் நாக்கில் தெரிந்துவிடும், கோதுமை தெரியாது. துணிக்குழாயைத் தட்டினால் குறைந்தது ஒரு பிடி பழைய மாவு விழும், நானே தட்டியிருக்கிறேன். கல்லைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லிப் புண்ணியமில்லை, துணியால் துடைத்துப் போகிற சமாச்சாரம் இல்லை அது.

வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு வேண்டிய மாவு மிக்ஸியில் தாராளமாக அரைபடும். சல்லடையும் புதுசாக வாங்குங்கள், ஆட்டா சலித்த சல்லடை வேண்டாம்.

மதுரை டயட்டீஷியன் எழுதியது:

ஐயா சொன்னதுதான் எனக்கும் சந்தேகம். அளவைச் சொல்கிறேன், அப்போது ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம் என்று புரியும். 2007-இல் இத்தாலியில் செய்த ஓர் ஆய்வில், சீலியாக் உள்ளவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்தபோது குடலுறிஞ்சிகள் கெட்டன. கோதுமை மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியென்றால் அரை கிராம் மாவு போதும். மில்லிலிருந்து வரும் இரண்டு கிலோ அரிசி மாவில் ஒரு பிடி கோதுமை கலந்திருந்தால், உங்கள் இரண்டு ரொட்டியில் அதைவிட அதிகமாகவே இருக்கும்.

கடையில் வாங்கினால் பாக்கெட்டில் குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி அப்படி எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸும் அப்படி எழுதியிருந்தால் மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டுவிட்டு. சாதாரண ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருகிறது.

அம்மியும் ஆட்டுரலும் எழுதியது:

பெருங்காயத்தை யாரும் சொல்லவில்லையே! கூட்டுப்பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள், டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, படித்துப் பார்த்து வாங்க வேண்டும். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு, அப்பளம் என்று பெருங்காயம் போகாத இடமே நம் சமையலில் கிடையாது.

ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்களும் கூடாது, கோதுமையும் பார்லியும் அதில் உண்டு. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ஹோட்டலில் தோசை கேட்டால் சப்பாத்தி, பரோட்டா போட்ட அதே கல்லில் வார்த்துக் கொடுப்பார்கள்.

துவாரகா நெல்லைக்காரி எழுதியது:

பெருங்காயம் அரிசி மாவு சேர்த்ததுதான் வாங்குகிறோம், ஊரிலிருந்து கட்டியாகவும் வரும். மில் விஷயத்தை மாமியாரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது, ஆனால் உடனே அந்த மாவு டப்பாவை எடுத்துக் கொட்டிவிட்டு மிக்ஸியை எடுத்து வைத்தார்.

இன்னும் ஒரு பயம். இணையத்தில் ரிஃப்ராக்டரி சீலியாக் என்று படித்தேன், அப்புறம் குடல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் என்று. நேற்று இரவு தூக்கமே இல்லை.

மதுரை டயட்டீஷியன் எழுதியது:

அந்த வார்த்தைகளை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். குறைந்தது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கறாராகக் குளூட்டனை விட்ட பிறகும் அறிகுறிகளும் குடல் சேதமும் தொடர்ந்தால்தான் ரிஃப்ராக்டரி என்ற பேச்சே வரும். அது அரிது. உங்களுக்குக் களைப்பு குறைந்திருக்கிறது, வயிற்றுப்போக்கு நின்றிருக்கிறது, ஃபெரிட்டின் ஏறுகிறது. குடல் உறிஞ்ச ஆரம்பித்திருக்கிறது என்பதற்கு இவைதான் சாட்சி.

ஆனால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், எடை குறைந்ததை எண்ணோடு சொல்லுங்கள். தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு கோளாறும் முதல் வகை நீரிழிவும் சீலியாக்கோடு கூடவே வரும் உறவுக்காரர்கள். சாப்பாட்டைக் கூட்டியும், கலப்படத்தை அடைத்தும் எடை ஏறாவிட்டால் கணைய நொதிக் குறைவு, சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கம், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் பெருங்குடல் அழற்சி, நம் நாட்டில் குடல் காசநோய் என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காய்ச்சல், மலத்தில் ரத்தம், விடாத வயிற்றுவலி வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

தாம்பரம் சந்திப்பு எழுதியது:

எனக்கு எதிர்ப்பக்கம் நடந்தது, அதையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். நோய் தெரிந்தபோது 62 கிலோ. குளூட்டனை விட்ட பிறகு 79. முதலில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பிள்ளை தேறிவிட்டான் என்று. அப்புறம் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றார்கள்.

அதுவரை சாப்பிட்டதில் பாதி வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது, அதனால் நிறையச் சாப்பிட்டுப் பழகிய வயிறு. குடல் ஆறிய பிறகு எல்லாம் உடம்பில் ஒட்ட ஆரம்பித்தது, அளவு மட்டும் அப்படியே இருந்தது. அதோடு குளூட்டன் இல்லாத பிஸ்கட், பிரெட், கேக் என்று ஆன்லைனில் வரவழைத்தேன். அவற்றில் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை, பாமாயில். நார்ச்சத்தும் புரதமும் சாதாரண பிரெட்டைவிடக் குறைவு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அந்தக் குறி நோயாளிக்குப் பாதுகாப்பு என்பதற்கு மட்டும்தான், இளைப்பதற்கு அல்ல.

இப்போது 71. செய்தது இவ்வளவே: மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையாக்கி, அதிலும் பாதித் தட்டுக் காய், கீரை. காலையில் பச்சைப்பயறு தோசை. இரவு சாமை அல்லது வரகு, கூடவே கொண்டைக்கடலை இல்லாவிட்டால் மீன். மெதுவாகத்தான் குறைந்தது, அது போதும் என்றார் மருத்துவர்.

கோவை மழை எழுதியது:

படித்தேன், நன்றி. என் தம்பிக்கு முதல் வகை நீரிழிவு, எனக்குப் பல வருடமாக ரத்தசோகை. ஜிம்காரர் சொன்னதை விட்டுவிட்டு முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் இந்த நோய் யாருக்கும் கிடையாது என்கிறார்களே?

வரலாற்று வாசகன் எழுதியது:

குறைவு, ஆனால் உண்டு. இந்தியாவில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. மரபணு வாய்ப்பில் இவ்வளவு வித்தியாசம் இல்லை, கோதுமை உண்ணும் அளவில்தான் பெரிய வித்தியாசம்: வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். அதனால் இங்கே மருத்துவர்களுக்கும் இது சட்டென்று நினைவுக்கு வராது, ரத்தசோகை என்றால் மாத்திரையோடு முடிந்துவிடுகிறது. நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவருவதைப் பார்க்கும்போது இந்த 0.10 அப்படியே இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எடை பற்றிய பேச்சு என்பதால் ஒன்று. கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பால் அந்த நாட்டில் ரொட்டிக்குப் பஞ்சம், ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே மெலிந்தபோது அவருடைய சீலியாக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அதற்கு முன்பே கோதுமை மீது சந்தேகம் கொண்டிருந்த அவர், 1950-இல் முனைவர் ஆய்வேடாகவே எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கு எடைதான் முதல் சாட்சி, மருத்துவர் அன்றாடம் பார்த்தது அவர்களின் எடை வரைபடத்தைத்தான்.

ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

இங்கே 2012-இலிருந்து பாக்கெட்டில் குளூட்டன் எதிலிருந்து வருகிறது என்று எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம். சாதாரணப் பாணுக்கும் (பிரெட்) குளூட்டன் இல்லாத பாணுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம், பற்றுச்சீட்டை எறியாதேங்கோ. கனடாவில் இருக்கிற எங்கட ஆக்களில் கன பேருக்கு இது தெரியாது.

துவாரகா நெல்லைக்காரி எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். எடை 52.4. வேர்க்கடலை டப்பா, பெரிய டிபன் பாக்ஸ், அடை, மிக்ஸி மாவு. தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன. எலும்பு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார், கால்சியமும் வைட்டமின் டியும் ஆரம்பித்தாயிற்று. டிடிஜி மூன்று மாதம் கழித்து.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லை, கொஞ்சம் குள்ளம். எனக்கு ஒத்துக்கொள்ளாததை அவளுக்கு மட்டும் ஏன் கொடுப்பது என்று வீட்டில் எல்லாருக்குமே குளூட்டனை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம்.

மதுரை டயட்டீஷியன் எழுதியது:

ஏறியதற்கு ரொம்ப சந்தோஷம்! மகளுக்கு இப்போது நிறுத்தாதீர்கள். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்ற நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவர் வரை இந்த நோய் இருக்கலாம், பிள்ளைகளில் வளர்ச்சி குறைவது மட்டுமே அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். குழந்தை மருத்துவரிடம் டிடிஜி ஐஜிஏவோடு மொத்த ஐஜிஏவும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சிலருக்கு உடம்பில் ஐஜிஏ என்ற அந்த ஆன்டிபாடி வகையே குறைவாக இருக்கும், அப்போது முதல் பரிசோதனை நோயைக் காட்டாமல் விட்டுவிடும். இப்போது சரி என்று வந்தாலும் பிற்பாடு வரலாம், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். ரத்தம் எடுக்கும் நாள்வரை, எடுத்ததில் ஏதாவது தெரிந்தால் எண்டோஸ்கோப்பி முடியும்வரை, அவள் டிபன் பாக்ஸில் சப்பாத்தி இருக்கட்டும். உங்கள் தட்டு, உங்கள் கல், உங்கள் சல்லடை மட்டும் தனியாக.